இடப்பக்கம் இரண்டு விரல் கட்டை

ஞாயிறு மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி உறையை ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். உன் முட்டிவலியையும் அந்த ஊர்க் குளிரையும் பற்றிப் பேசும்வரை லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. அம்மாவின் தகரப் பெட்டி என்று நான் வாயெடுத்ததும் "கேக்கல, கேக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். மூன்று தடவையும் அதே இடத்தில் லைன் அறுந்தது. போன் கம்பெனிக்காரனுக்கு அம்மாவின் பெட்டிமேல் என்ன கோபமோ தெரியவில்லை. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது என்பதால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவளின் எழுத்து, பிழை இருக்கும். சிரித்துவிட்டுப் படி.

அம்மா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நீ மூன்றாம் நாள் கிளம்பிப் போனதும் இரண்டு அறையும் எனக்கே எனக்கு. மகாராணிதான். காலையில் நானே டீ போட்டு, நானே குடித்து, "என்னடி இது, கழுநீர் மாதிரி இருக்கு" என்று நானே சொல்லிக்கொள்கிறேன். யாராவது சொல்ல வேண்டுமே. கடைசி வாரத்தில் அம்மா பினாத்தியது நினைவிருக்கிறதா? "டேப்ப எடு. அவள நேரா நிக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்பது வருடம் தைத்தவள், கனவிலும் யாருக்கோ அளவெடுக்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

கடையில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே அதே இரண்டு மெஷின், அதே மாஸ்டர். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு கடை முழுக்கக் கண்ணாடி தேடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். துணியில் அளவுச்சீட்டு குத்தியிருக்க வேண்டும், சீட்டின் மேல்வரியில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத துணியை மெஷின் பக்கமே விடமாட்டார். "யாருதுன்னே தெரியாம எப்படிம்மா வெட்டறது?" என்பார். நான் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலாக ஒரு சின்னப் பாவாடை இருந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆகும். எனக்குத் தைத்தது என்று நினைத்தேன். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாமே என்று உதறிப் பார்த்தால், அடி ஓரம் கோணல். இடப்பக்கம் இரண்டு விரல் கட்டை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல் ஒரு நூல் விலகினால் என் விரலில் டேப்பால் அடித்தவள் அம்மா. அவள் வெட்டிய பாவாடை கோணலா? உடனே கடைக்குக் கொண்டுபோய், ஓரத்தைப் பிரித்து, நீளமாக இருந்த வலப்பக்கத்தைச் சரிவாக வெட்டி எடுத்து, நேராக மடித்துத் தைத்து, இஸ்திரியும் போட்டு அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் தப்பை நான் திருத்திவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மறுநாள் பெட்டியில் மீதியை எடுத்தேன். இன்னும் எட்டுப் பாவாடைகள். ஒன்றைவிட ஒன்று பெரிது. எட்டிலும் இடப்பக்கம் கட்டை. அதுவும் போகப்போகக் கூடுகிறது. இரண்டு விரல், இரண்டரை, மூன்று. தப்பு என்றால் ஒருதடவை வரும். ஒன்பது தடவை வருமா?

பெரியதை நானே என் உடுப்புக்கு மேல் கட்டிக்கொண்டு கடைக் கண்ணாடிமுன் நின்றேன். கோணலாகத்தான் தொங்கியது. மாஸ்டர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரு மரக்கட்டையைக் காலால் தள்ளி, "வலது கால இதுமேல வை" என்றார். வைத்தேன். இடுப்பு இடப்பக்கம் சாய்ந்தது. ஓரம் தரைக்கு நேராக, கோடு போட்ட மாதிரி நின்றது. மாஸ்டர், "துணி கோணல் இல்லம்மா. இது இடுப்புல இருந்து அளந்தது இல்ல. அளவெடுத்தவங்க மண்டி போட்டு உக்காந்து, தரையில இருந்து மேல அளந்திருக்காங்க" என்றார்.

பெட்டியின் அடியில் ஒரு பொட்டலம், கட்டிய நூல்கூடப் பிரிக்காமல். உள்ளே ஒன்று, புதிது, யாரும் உடுத்தாதது. பொட்டலத்தின் மேல் "பெண்கள் இல்லம், வார்டன் அம்மாவுக்கு. இடது கால் பிள்ளைக்கு" என்று எழுதியிருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். இந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா அண்ணா? "ள்"ளின் வாலை இப்படிச் சுழித்துவிடுகிறவன் நம் வீட்டில் ஒருத்தன்தான்.

அந்தப் பிள்ளை யார் என்று எழுது. யாரோ வாடிக்கையாளரின் பிள்ளை என்றால் அதையே எழுது, நம்பிக்கொள்கிறேன்.

உன் முட்டிக்கும் அண்ணியின் பொறுமைக்கும் ஆண்டவன் துணை இருக்கட்டும்.

உன் ஒரே தங்கை


திங்கள், கடை விடுமுறை

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தெருவின் அந்தப் பக்கம் போகிறார். ஏதோ அவர்தான் உன் கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிற மாதிரி நான் பார்க்கிறேனாம். மாஸ்டரிடம் புகார் வேறு.

நீ எழுதாததால் நானே போனேன்.

அந்த இல்லம் இன்னும் இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது: மாதத்தின் முதல் சனிக்கிழமை அம்மா கையில் பொட்டலத்தோடு "கஸ்டமர் வீட்டுக்கு" என்று போவாளே, சாயங்காலம்தான் வருவாளே, அது இந்த வழிதான். ஒரு சனிக்கிழமை போன வேகத்தில் திரும்பி வந்தாள். பொட்டலம் கையிலேயே இருந்தது. எனக்குப் பதிமூன்று வயது. நீ அம்மாவைப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. உனக்குக் காதல் தோல்வி என்று நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நீ என்னை அடிக்கக்கூட இல்லை.

இல்லத்தின் ஆபீசில் ஒரு பெண் பழைய பதிவேடுகளை விரித்துப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், இரண்டு ஊன்றுகோல் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். காதில் ஒரு பேனா, கொண்டையில் ஒரு பேனா, கையில் ஒன்று. பேனாக்காரி என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். இந்த இல்லத்தில் வளர்ந்த, இங்கேயே செத்துப்போன பெண்பிள்ளைகளின் கதையை எல்லாம் அவள் தேடி எழுதுகிறாளாம். யாருமே எழுதவில்லையாம். "பொம்பளைங்க கதைய எழுதறவங்க இவங்கள விட்டுட்டாங்க. கால் வராதவங்க, காது கேக்காதவங்க கதைய எழுதறவங்க ஆம்பளைங்கள மட்டும் எழுதிட்டாங்க. நடுவுல விழுந்துட்டாங்க" என்றாள். "என்னையும் இங்கதான் சேக்கப் பாத்தாங்க. எங்கம்மா விடல" என்றும் சொன்னாள்.

நான் பாவாடையையும் பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்தையும் காட்டினேன். அவள் பதிவேட்டில் தேடி எடுத்தாள். அண்ணா, அதில் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள் "இடது கால்" என்று எழுதியிருக்கிறது. மேலே உள்ளவளுக்கு "ஊமை", கீழே உள்ளவளுக்கு "கூன்". பக்கம் பக்கமாக அப்படியே. அந்தக் காலத்து வார்டன் முதல் பக்கத்தில் காரணமும் எழுதி வைத்திருக்கிறார்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுகிறார்கள், ஆகையால் வேண்டாம்.

மீதிக் கட்டங்களை அவள் படிக்கப் படிக்க நான் கேட்டேன். வயது ஆறு. தாய், தையல் வேலை. நம் பழைய தெரு. அண்ணன் ஒருவன், வயது ஒன்பது. சேர்க்கும் காரணம்: "கைக்குழந்தை ஒன்று, பெண். அதன் எதிர்காலம் கருதி." கீழே அப்பாவின் கையெழுத்து.

அந்தக் கைக்குழந்தை நான்தானே.

வீட்டில் நொண்டிப் பெண் ஒன்று இருந்தால் இன்னொன்றை யாரும் கட்டமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார் அப்பா. நல்ல கணக்கு. எந்த எதிர்காலத்துக்காக அவளை அனுப்பினாரோ, அந்த எதிர்காலம் எனக்குத் தாலி கட்டி இரண்டே வருடத்தில் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று உனக்கே தெரியும், அவன் குறட்டை அப்படி. ஆனால் அந்தக் குறட்டைக்காகவா ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிக்க வரவில்லை.

கடைசிக் கட்டம்: பத்தொன்பது வயது. காய்ச்சல். தாய்க்குத் தெரிவிக்கப்பட்டது.

நான் "பாவம்" என்றேன். வேறு என்ன சொல்ல? பேனாக்காரி தலையைத் தூக்காமல், "பாவம்னு எல்லாரும் சொல்லியாச்சுக்கா. பேரச் சொல்லுங்க" என்றாள். இல்லத்துச் சுவரில் எல்லார் பெயரையும் எழுதப் போகிறார்களாம். நூற்று நாற்பத்து மூன்று பேரில் எண்பத்தொன்பது பெயர் கிடைத்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் பெயின்டர் வருகிறார். அதற்குள் கிடைக்காதவர்களுக்குப் பதிவேட்டில் உள்ளதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றாள்.

என் சொந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வயதில் அப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை.

அம்மா இல்லை, அப்பா இல்லை. அந்தப் பெயர் இப்போது இருக்கிற ஒரே இடம் உன் வாய். எழுதி அனுப்பு அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


சனிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி போன் செய்தார்கள். நான் எழுதியதை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "பழசக் கிளறாதம்மா, அவருக்கு பிரஷர்" என்றார்கள். என்ன பழசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர்கள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. சொல்ல வேண்டியவன் நீ.

இன்று முதல் சனிக்கிழமை. பத்துப் பாவாடையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு அதே இரண்டு பஸ்ஸில் போனேன். எதிர்வீட்டுக் குழந்தையிடமிருந்து நீலத்தைத் திரும்ப வாங்க இரண்டு புதுக் கவுன் லஞ்சம் கொடுத்தேன். கில்லாடி, மூன்று கேட்டது.

இல்லத்துச் சமையல்கட்டில் காய் நறுக்குகிற ஒரு அக்கா இருக்கிறார். உன் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. காது கேட்காது, பேச்சு கையில். பதிவேட்டில் "இடது கால்" என்பதற்கு மேல்வரியில் இருந்தாளே "ஊமை", அது இவர்தான். ஊமையாவது ஒன்றாவது. இரண்டு கையையும் எடுத்தால் மனுஷி நிறுத்துவதில்லை, நானே வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. பேனாக்காரிக்கு அந்தக் கைப்பேச்சு தெரியும். அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பாவாடையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் அந்தக் கட்டைப் பக்கம் வந்ததும் நின்றார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் தன் உடுப்பை முட்டிவரை நீவிவிட்டு, முகவாயை மேலே தூக்கினார். மறுபடியும் செய்தார். எனக்குப் புரியவில்லை. பேனாக்காரி, "அதுதான் உங்க அக்கா பேரு. இங்க கையால பேசறவங்க வச்ச பேரு" என்றாள்.

சிறிதாகிப்போன பழசை அம்மா வாங்கிக்கொண்டு புதுப் பாவாடை தருகிற நாளில் அவள் அப்படித்தான் வராந்தா நடுவில் வந்து நிற்பாளாம். ஓரம் நேராக நிற்கிறது பார் என்று எல்லாருக்கும் காட்டுவாளாம். நடக்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பாள். அந்தச் சுவரையும் காட்டினார். தோள் உயரத்தில் பதிமூன்று வருடத்துக் கை பட்டு ஒரு கோடு வழவழவென்று இருக்கிறது. அதற்குமேல் சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது. நான் கையை வைத்து அந்தக் கோட்டோடு கடைசிவரை நடந்தேன். கோடு ஒரு ஜன்னலில் போய் முடிகிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட்டும் பஸ் நிற்கிற இடமும் தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டு நீ சாப்பிட வேண்டும். அந்த அக்கா திடீரென்று இடுப்பில் கைவைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, யாரோ வார்டன் மாதிரி நடந்து காட்டினார். அப்புறம் டாக்டர் மாதிரி. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும் கணக்கப்பிள்ளை மாதிரி. எல்லாம் உன் மூத்த தங்கை செய்து காட்டியதாம். இல்லத்தில் ஒருத்தரை விடமாட்டாளாம். காது கேட்காதவர்கள் எல்லாம் அவளைச் சுற்றித்தான் உட்காருவார்களாம், அவள் ஜோக்குக்குக் காது தேவையில்லை என்று.

அண்ணா, சின்ன வயதில் நான் பக்கத்து வீட்டுக்காரரை நடித்துக் காட்டும்போது நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள். அம்மா மட்டும் சட்டென்று எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். என் சேட்டை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் கடைக்குப் போய் வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டித் தேடினேன். நீலத்தில் வெட்டி எடுத்த துண்டு கிடைத்தது. ஒரு முனையில் இரண்டு விரல் அகலம், மறுமுனையில் நூலளவு. ஓரத்தைப் பிரித்து, அதைத் திரும்ப வைத்துத் தைத்து, அம்மா வைத்த கோணலிலேயே மடித்துவிட்டேன். ஒட்டு தெரிகிறது. தெரியட்டும்.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கைக்குழந்தைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்றுதானே? ஒன்பது வயதில் ஆரம்பித்து இத்தனை வருடம் ஒரு பெயரை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறாய். நீ "ம்" என்று மட்டும் சொல்கிறவன் ஆனது எப்போது என்று இப்போதுதான் தெரிகிறது. நான் தாங்கிக்கொள்கிறேன். பார், சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் ஓர் இடத்தில் மை கலைந்திருக்கும், அது டீ.

பெயர் சுவருக்காக மட்டும் இல்லை. நேற்று வீட்டில் சும்மா இருக்கும்போது "அக்கா" என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில் முதல்தடவை. தெருவில் காய் வாங்கிக்கொண்டு போன யாரோ ஒரு அம்மா, "என்னம்மா?" என்று எட்டிப் பார்த்தார். காய் என்ன விலை என்று கேட்டுச் சமாளித்தேன். அக்கா என்றால் ஊரில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் திரும்புகிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டும்.

இதோடு மாஸ்டர் கடை அளவுச்சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அந்தப் பிரிக்காத பொட்டலத்துப் பாவாடையை அளந்து எல்லாம் நிரப்பிவிட்டேன். இடுப்பு, வலது நீளம், இடது நீளம். மேல்வரி மட்டும் காலி. மாஸ்டரும் அதைப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. நீ கடிதம் எழுத வேண்டாம். காரணம் எழுத வேண்டாம். அந்த ஒரு வரியைமட்டும் எழுதி அனுப்பு. எப்படிக் கிறுக்கினாலும் உன் கையெழுத்து எனக்குப் புரியும்.

இந்த மாதக் கடைசியில் பெயின்டர் வருகிறார். "இடது கால்" என்று எழுதிவிட வேண்டாம், அந்த இடத்தைக் கொஞ்சம் காலியாக விடுங்கள், எங்கள் அண்ணன் அனுப்புவார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சின்னத் தங்கை